மறைத்து எடுத்துச் செல்லும் பிஸ்டலுக்கு ஒளியிழை சைட்: எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்கி, சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவர்கள் அதில் முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் குறிபார்க்க உதவும் சைட்டைத்தான். க்ளாக் பிஸ்டல்களில் வழக்கமாக வரும் பாலிமர் சைட்டில் முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளியும் பின்னால் ‘ப’ வடிவ வெள்ளைக் கோடும் இருக்கும். சுடலாம், குறை ஒன்றும் இல்லை. ஆனால் வெயிலில் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடித்தால் அந்தப் புள்ளி எங்கே போனதென்றே தெரியாது. ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், உரசி உரசிப் பாலிமரும் தேய்ந்துவிடும். அதனால்தான் கடைக் கண்ணாடி அலமாரிக்குள் சிவப்பும் பச்சையுமாகப் பளிச்சிடும் ஒளியிழை சைட் எல்லாரையும் இழுக்கிறது. பேட்டரி இல்லை, சுவிட்ச் இல்லை, விலையும் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் கருவியின் விலையில் ஒரு பங்குதான்.

அந்தப் பளிச்சை மட்டும் பார்த்து வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இழை மலிவான பிளாஸ்டிக் குச்சி. உடைந்தால் சில நிமிடத்தில் வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குவது அதைத் தாங்கி நிற்கும் இரும்பின் வடிவத்தையும் உயரத்தையும்தான். குண்டு எங்கே படும் என்பதை முடிவு செய்பவை அவை.

இழை எப்படி ஒளிர்கிறது

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பளீர் நிற பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பு மட்டும் எரிவதுபோல் மின்னுமே, அதே வித்தைதான் இதிலும். இந்தச் சைட்டுகளில் வரும் இழையின் உட்பகுதி பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதில் ஒளிர் சாயம் கலந்திருக்கும். அதன்மேல் அக்ரிலிக் வகை மெல்லிய உறை. பக்கவாட்டில் விழும் ஒளியைச் சாயம் உறிஞ்சி, தன் நிறத்தில் திரும்ப வெளியிடுகிறது. உட்பகுதியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.59, உறையினுடையது சுமார் 1.49. இந்த வேறுபாட்டால் ஒளியின் ஒரு பகுதி வெளியே தப்ப முடியாமல் உள்ளேயே மோதி மோதி இரண்டு முனைகளுக்கும் ஓடிவருகிறது. சுடுபவர் பக்கம் இருக்கும் முனைதான் நாம் காணும் புள்ளி.

ஒளியை வாங்குவது இழையின் பக்கம், கொடுப்பது அதன் முனை என்பதால், திறந்த வெளியில் தெரியும் இழை எவ்வளவு நீளமோ அவ்வளவு பிரகாசம். சிஇசட் ஷேடோ 2 போன்ற போட்டித் துப்பாக்கிகளில் முன் சைட் நீளமாக இருக்கும், இழையும் நன்றாகத் திறந்திருக்கும். இடுப்பில் மறைக்கும் சிறிய பிஸ்டலின் முன் சைட் குட்டையானது, இழையும் குட்டை. போட்டித் துப்பாக்கியில் கண்ட பிரகாசத்தை இதிலும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே பிஸ்டலுக்கான இரண்டு சைட்டை ஒப்பிடும்போது இழையின் மேற்பக்கமும் இரு பக்கவாட்டும் எவ்வளவு திறந்திருக்கின்றன என்று பாருங்கள். மேலே மட்டும் சின்ன ஜன்னல் வைத்த சைட், சூரியன் பக்கவாட்டில் இருக்கும் மாலை நேரத்தில் மங்கிவிடும்.

இழை எப்போது கைவிடும்

இழை ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. சுற்றிலும் ஒளி இல்லாவிட்டால் புள்ளியும் இல்லை. இதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் உங்கள் பக்கத்து ஒளியும் எதிர்ப்பக்கத்து ஒளியும் வேறுவேறாக இருக்கும் நிலைமையை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் இருட்டான நடைபாதையில் நிற்கிறீர்கள், எதிரே வெளிச்சமான அறை. இழை உங்கள் கையோடு இருட்டில் இருக்கிறது, அதனால் மங்கல். ஆனாலும் எதிர்ப்பக்க வெளிச்சத்தில் கருப்பு நிழலாக முன் சைட்டின் கம்பம் துல்லியமாகத் தெரியும், சுட அது போதும். நிலைமை மாறி, நீங்கள் தெருவிளக்கின் கீழும் எதிரே இருட்டும் என்றால் இழை கொழுந்துவிட்டு எரியும், கம்பத்தின் விளிம்பு மட்டும் தெரியாது. புள்ளியை மட்டும் நம்பிக் குறிபார்க்கும் ஆபத்து அங்கேதான் வருகிறது. அதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம்.

முழு இருட்டுக்கென்று ட்ரைட்டியம் சைட் இருக்கிறது. கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த ட்ரைட்டியம் வாயுவின் கதிர்வீச்சு குப்பியின் உட்பூச்சைத் தானாக ஒளிரவைக்கும். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள் என்பதால் பன்னிரண்டு ஆண்டில் பிரகாசம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் சேர்த்த சைட்டுகளும் உண்டு: ட்ரூக்ளோவின் டிஎஃப்ஓ, டிஎஃப்எக்ஸ், ஹைவிஸின் லைட்வேவ் எச்3 ஆகியவை அந்த வகை. ட்ரைட்டியம் குப்பியின் ஒளியும் வெளியொளியும் ஒரே புள்ளியில் வந்து சேரும். ஆனால் எதுவும் இலவசமில்லை. குப்பிக்கும் இடம் வேண்டியிருப்பதால் சைட்டின் உடல் பெரிதாகிறது. இழை மூடியிருப்பதால் திறந்த இழையின் பகல் பிரகாசம் கிடைக்காது. பழுதானால் நாமே இழையை மாற்றவும் முடியாது. விலையும் வெறும் இழை சைட்டைவிடக் கணிசமாக அதிகம்.

‘தாக்குதல் இரவில்தான் நடக்கும், அதனால் ட்ரைட்டியம்தான் வேண்டும்’ என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பாதி சரி. எதிரே நிற்பது யார் என்று தெரியாத அளவு இருட்டில் சுடவே கூடாது. குடும்பத்தில் ஒருவராக இருக்கலாம். ஆகவே டார்ச் எப்படியும் தேவை. டார்ச் அடித்தால் எதிர்ப்பக்கம் ஒளிர்ந்து சைட் கருநிழலாகத் தெரியும். டார்ச்சைக் கழுத்தோரமாகவோ தாடையோரமாகவோ பிடித்தால் சைட்டின் பின்பக்கத்திலும் ஒளி விழுந்து புள்ளி தெரியும். சாலை, கடை, பார்க்கிங், வீட்டு விளக்கு என்று ஏதோ ஒரு வெளிச்சம் இருக்கும் இடங்களில் நாளைக் கழிப்பவருக்குத் திறந்த இழை போதுமானது. இரவுப் பணியில் இருப்பவர்கள், ஊர் விளக்கே இல்லாத பண்ணைப் பகுதியில் வாழ்பவர்கள் கூட்டு சைட்டுக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

முன்னால் மட்டும் இழை, பின்னால் வெறும் கருப்பு

ஒளியிழை சைட் மூன்று புள்ளிச் செட்டாகவும் வரும்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. கடையில் பார்க்க அழகாக இருக்கும். சுடும்போது அது தொல்லை. பின் சைட் கண்ணுக்கு அருகில் இருப்பதால் அதன் புள்ளிகள் பெரிதாகத் தெரியும், கண் அங்கேயே போய் நிற்கும். கண் நிலைக்க வேண்டிய இடம் முன் சைட். துப்பாக்கி சுடும் அமைப்புகளான யுஎஸ்பிஎஸ்ஏ, ஐடிபிஏ நடத்தும் போட்டிகளில் இரும்பு சைட்டோடு சுடுபவர்களில் பெரும்பாலோர் முன்னால் இழையும் பின்னால் ஒளி திரும்பாதபடி வரிவெட்டிய கருப்பு சைட்டும் வைத்திருப்பது இதனால்தான். மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கும் அதையே பரிந்துரைக்கலாம். மூன்று புள்ளிதான் வேண்டும் என்றால் பின்னிரண்டும் வேறு நிறமாக, முன்னதைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

பின் சைட்டின் பிளவு அகலத்தையும் பாருங்கள். முன் கம்பம் 0.125 அங்குலம், அதாவது சுமார் 3.2 மி.மீ. அகலம் என்றால், சிறிய பிஸ்டலுக்குப் பின் பிளவு 0.140 முதல் 0.150 அங்குலம் இருந்தால் நல்லது. கம்பத்தின் இருபக்கமும் ஒளிக்கீற்று தெளிவாகத் தெரிய வேண்டும். கீற்று குறுகலாக இருந்தால் அவசரத்தில் கம்பத்தைத் தேடவேண்டி வரும். மிக அகலமானால் நடுவில் நிற்கிறதா என்று கண் சந்தேகப்படும்.

நிறமும் தடிமனும்

பகலுக்குப் பழகிய கண் 555 நானோமீட்டர் பச்சையில் மிகக் கூர்மையானது. இருட்டத் தொடங்கினால் அந்தக் கூர்மை 507 நானோமீட்டர் பக்கம், நீலப்பச்சைக்கு நகரும். அதனால் அந்தி நேரத்தில் சிவப்பு சீக்கிரம் கருத்துவிடும், பச்சை இன்னும் சிறிது நேரம் நிற்கும். புல்வெளி, மரம் என்று பச்சைப் பின்னணியில் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பது உண்மை. அது போட்டிக்காரருக்கு உதவும். தற்காப்புத் துப்பாக்கிக்கு மங்கல் ஒளிதான் பெரிய கவலை, ஆகவே பச்சையில் தொடங்குங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியாத நிறக்குறை ஆண்களிடம் அரிதல்ல. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு அது உண்டு. அதில் ஒரு வகையினருக்குச் சிவப்பு மங்கிய பழுப்பாகவே தெரியும். நல்ல தயாரிப்பாளர்கள் பெட்டிக்குள் இரண்டு நிற இழையும் போட்டுத் தருவார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டு, மேகமூட்டமான பகலிலும் வீட்டுக்குள் இரவு விளக்கிலும் பார்த்த பிறகு முடிவு செய்வதே முறை.

தடிமன் பெரும்பாலும் 1 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. அங்குலக் கணக்கில் 0.040, 0.060 என்று குறிப்பிடுவார்கள். கை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து முன் சைட் சுமார் 26 அங்குலம். அந்த நிலையில் 25 கஜ தூரத்தில் 1.5 மி.மீ. புள்ளி சுமார் 2 அங்குல வட்டத்தை மறைக்கும், 1 மி.மீ. புள்ளி சுமார் 1.4 அங்குலத்தை. தற்காப்புத் தூரங்களில் இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல. பெரிய புள்ளி சீக்கிரம் கண்ணில் படும், தடித்த இழை எளிதில் உடையாது. எனவே 1.5 மி.மீ. தான் நல்லது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்தவேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு முன் சைட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரியாது. ஆனால் பிரகாசமான புள்ளி மங்கலாகத் தெரிந்தாலும் எங்கே இருக்கிறது என்று புரியும். ஒளியிழை அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு ரெட் டாட் கருவியின் புள்ளி நட்சத்திரம்போல் விரிந்து தெரிவதுண்டு. அந்தத் தொல்லை உள்ளவர்கள் ஒளியிழை சைட்டையும் பிடித்துப் பார்க்கலாம். ரெட் டாட் ஏற்கெனவே பொருத்தியிருந்தால் மாற்றாக வைக்கும் முன் சைட்டில் அதே சிவப்பு இழை வேண்டாம். அவசரத்தில் எது எந்தப் புள்ளி என்று குழம்பும். வெறும் கருப்புக் கம்பம் போதும்.

இழை போனாலும் சுடக்கூடிய சைட்

இழை ஒரு நாள் விழும். வாங்கும்போதே அதை நினைவில் வைக்கவேண்டும். இழையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நேரான பக்கங்களும் தட்டையான மேல்விளிம்பும் கொண்ட கம்பம் மிஞ்சினால் அது நல்ல சைட். நடுவில் ஒரு துளையோடு கருப்புச் சைட்டாக வேலை செய்யும். இரண்டு வளையங்கள் மட்டும் மிஞ்சினால், அல்லது உருண்டையான குழாய் மட்டும் மிஞ்சினால், இழையோடு குறிபார்க்கும் வழியும் போய்விடும். உடல் முழுக்கப் பிளாஸ்டிக்கான சைட்டை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். பெல்ட்டின் விளிம்பில் தட்டினாலே உடையலாம்.

எஃகு உடல் வாங்குங்கள். அதன் மேற்பூச்சையும் கேளுங்கள். கோடைக் காலத்தில் வியர்வையோடு உடம்பை ஒட்டி நாள் முழுக்கக் கிடக்கும் துப்பாக்கி இது. சாதாரணக் கருப்பு ஆக்சைடு பூச்சு துருவைத் தடுப்பதில் பலவீனமானது, நைட்ரைடு செய்தது மேல். முன் சைட்டின் முன்பக்கம் சாய்வாக இருந்தால் ஹோல்ஸ்டரிலிருந்து உருவும்போது தோலையோ துணியையோ கவ்வாது. பின் சைட்டின் முன்பக்கம் மட்டும் செங்குத்தாக இருக்கட்டும். ஒரு கை காயப்பட்டால் அந்த விளிம்பைப் பெல்ட்டில் மாட்டி, பிஸ்டலின் நகரும் மேற்பாகமான ஸ்லைடை இழுக்கலாம்.

ஹோல்ஸ்டரையும் சோதிக்கவேண்டும். கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் ஹோல்ஸ்டரில் சைட் போய்வரும் வாய்க்கால் புதிய சைட்டின் உயரத்துக்குப் போதுமா? தோட்டா இல்லாத துப்பாக்கியை இருபது முப்பது முறை உருவிச் செருகிவிட்டு இழையின் மேற்பக்கத்தைப் பாருங்கள். கீறல் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் வாய்க்கால் குறுகலானது. விட்டால் இழை அங்கேயே உடையும். குழல் நுனியில் மேல்நோக்கித் துளைகள் உள்ள பிஸ்டல் என்றால் வேறொரு சிக்கல்: ஒவ்வொரு வெடிப்பிலும் கரி இழைமேல் படியும், சில மேகசின் சுட்டதுமே புள்ளி மங்கிவிடும்.

உயரக் கணக்கு

பெரும்பாலோர் தவறும் இடம் இது, ஆகவே நிதானமாகப் பார்ப்போம். முன் சைட் உயரமானால் குண்டு தாழப் படும். முன் சைட் தாழ்ந்தால் குண்டு மேலே படும். பின் சைட்டுக்கு இதன் தலைகீழ். எவ்வளவு மாற்றவேண்டும் என்பதற்கு ஒரே கணக்கு: குண்டு விலகிய அளவை முன், பின் சைட்டுகளுக்கு இடைப்பட்ட நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்கவேண்டும். எல்லாமே அங்குலத்தில்.

க்ளாக் 19 அளவுள்ள பிஸ்டலில் சைட்டுகளுக்கு இடையே சுமார் 6 அங்குலம். 15 கஜம் என்பது 540 அங்குலம். குண்டு 3 அங்குலம் மேலே படுகிறது என்றால் 3 × 6 ÷ 540 = 0.033. இப்போதுள்ளதைவிட 0.033 அங்குலம் உயரமான முன் சைட் வேண்டும். க்ளாக் 43 போன்ற சிறிய பிஸ்டலில் அந்த இடைவெளி சுமார் 5.2 அங்குலம்தான். அங்கே அதே விலகலுக்கு 0.029 போதும். மில்லிமீட்டரில் முக்கால் மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே ‘பார்க்க ஒரே உயரமாகத்தான் இருக்கிறது’ என்று கண்ணால் அளந்து வாங்க முடியாது. க்ளாக் தன் பின் சைட்டை 6.1, 6.5, 6.9, 7.3 மி.மீ. என்று நான்கு உயரங்களில் தருகிறது, அதில் 6.5 வழக்கமானது. சிக் சாவர் தன் சைட்டுகளை எண்ணிட்டு வகைப்படுத்துகிறது. முன்சைட்டை மட்டும் மாற்றுவதென்றால் பழையதை வெர்னியரால் அளந்து அதே உயரத்தில் வாங்குங்கள். செட்டாக வாங்கினால் உங்கள் மாடல் பெயர் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அந்தப் புள்ளி ஆபத்து. இழை கம்பத்தின் மேல்விளிம்பில் இருப்பதில்லை, சற்றுக் கீழே, சுமார் 0.05 அங்குலம் கீழே அதன் மையம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தின் மேல்விளிம்பும் பின் சைட்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் சைட் சரி. அந்த நிலையில் புள்ளியை இலக்கின்மேல் வைத்துச் சுட்டால் 7 கஜத்தில் அரை அங்குலம்தான் வித்தியாசம், கவலையில்லை. ஆனால் மங்கல் ஒளியில் விளிம்பு தெரியாமல், புள்ளியின் மையத்தையே பின் சைட்டின் மேல்மட்டத்துக்கு உயர்த்திவிட்டால்? முன் சைட்டோடு குழலின் நுனியும் 0.05 அங்குலம் அதிகம் மேல்நோக்கி உயர்ந்திருக்கிறது. 7 கஜத்தில், அதாவது 252 அங்குலத்தில், குண்டு 2.1 அங்குலம் மேலே போகும். 15 கஜத்தில் நாலரை அங்குலம். ‘சைட் மாற்றியதிலிருந்து மேலே மேலே படுகிறது’ என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம், சைட்டில் கோளாறு இல்லை. புள்ளியின் மையம் மேல்விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு இந்தப் பிழை சுருங்கும். வாங்கும்போது இரண்டு சைட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சட்டென்று தெரியும்.

தாழவும் இடப்பக்கமும் படுகிறது என்று வலக்கைக்காரர் ஒருவர் சொன்னால் சைட்டைத் தொடாதீர்கள். ட்ரிக்கரைப் பிடுங்கி இழுப்பதன் அடையாளம் அது. நன்றாகச் சுடும் இன்னொருவரிடம் கொடுத்து, மணல்பை மேல் ஊன்றி, 10 கஜத்தில் ஐந்து ஐந்து தோட்டாவாக மூன்று சுற்று சுடச் சொல்லுங்கள். அவருக்கும் அதே இடத்தில் பட்டால்தான் சைட்டை நகர்த்தவேண்டும். சோதனைக்கு நீங்கள் தினமும் எடுத்துச் செல்லும் தோட்டாவையே பயன்படுத்துங்கள். 9 மி.மீ.இல் 115 கிரெய்ன் எடையுள்ள குண்டும் 147 கிரெய்ன் எடையுள்ள குண்டும் ஒரே இடத்தில் படும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பொருத்துவது

மேகசினை எடுங்கள், ஸ்லைடை இழுத்துப் பூட்டுங்கள், தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணால் பார்த்துவிட்டு விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். க்ளாக்கைப் பிரிக்க ட்ரிக்கரை அழுத்தவேண்டும் என்பதால் இந்தச் சோதனையில் சோம்பல் கூடவே கூடாது. அதன்பின் ஸ்லைடை மட்டும் தனியாக எடுத்து வேலை செய்யுங்கள்.

க்ளாக்கின் முன் சைட் ஸ்லைடின் அடியிலிருந்து ஒரு சிறு திருகால் பிடித்திருக்கும். அதற்கு 3/16 அங்குல மெல்லிய சுவருள்ள நட் டிரைவர் வேண்டும், சாதாரண சாக்கெட் உள்ளே போகாது. புதிய திருகுக்கு நீலநிறத் திருகுப்பசை ஒரு துளி போதும். அதைப் போடுமுன் இழையைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பசை பிளாஸ்டிக்கில் ஊறினால் இழையில் நுண்விரிசல் விழும், பசை காய்ந்த பிறகு செருகிக்கொள்ளலாம். திருகை விரல் பலத்தில் இறுக்கினால் போதும். முரட்டுத்தனமாகத் திருகினால் மரை போய்விடும்.

மற்றப் பல பிஸ்டல்களில் முன், பின் இரண்டுமே அடி அகன்று வாய் குறுகிய டவ்டெயில் பள்ளத்தில் பக்கவாட்டாகச் செருகப்பட்டிருக்கும். சுத்தியலும் பித்தளைக் குச்சியும் கொண்டு தட்டலாம், ஆனால் ஸ்லைடில் வடு விழ வாய்ப்புண்டு. சைட் தள்ளும் கருவி பாதுகாப்பானது. ஒரு துப்பாக்கிக்காக அதை வாங்குவதைவிடத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதே சிக்கனம். கையால் செருகும்போது சைட் பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்காவது தானாகப் போகவேண்டும், மீதியை அழுத்தித் தள்ளவேண்டும். நுழையவே இல்லை என்றால் சைட்டின் அடிப்பகுதியைத்தான் நுண்ணரத்தால் ராவவேண்டும், ஸ்லைடை ஒருபோதும் ராவக் கூடாது. சைட் ஐம்பது டாலருக்குக் கிடைக்கும், ஸ்லைடு கிடைக்காது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி வகையில் பின் சைட்டின் அடியில் தோட்டாவை அடிக்கும் ஸ்ட்ரைக்கரைத் தடுத்து நிறுத்தும் பாகத்தின் ஸ்பிரிங்கும் அதன் மூடியும் இருக்கின்றன. தெரியாமல் சைட்டைத் தள்ளினால் அவை துள்ளி எங்கோ போய்விழும். அவை இல்லாமல் துப்பாக்கியைக் கூட்டினால் ஒரு பாதுகாப்பு அமைப்பே இல்லாமல் போகும்.

இடம் வலம் சரிசெய்ய, குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டைத் தள்ளவேண்டும். 6 அங்குல இடைவெளியில் 0.02 அங்குலம் நகர்த்தினாலே 7 கஜத்தில் 0.84 அங்குலம் மாறும். அரை மில்லிமீட்டர்தான் அது. ஆகவே பென்சிலால் ஸ்லைடிலும் சைட்டிலும் ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்தக் கோடு பிரிவதைப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள்.

இழை மாற்றுவது

புது இழையைச் சைட்டின் துளை நீளத்தைவிட இருபக்கமும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, கூர்மையான பிளேடால் நேராக வெட்டுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் முனை நசுங்கிப் பிளக்கும், ஒளியும் மங்கும். முதலில் ஒரு முனையை மட்டும் சூடாக்கிக் குடைபோல விரியவிடவேண்டும். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சிகரெட் லைட்டரின் சுடருக்குப் பக்கத்தில் இழையைக் கொண்டுபோனாலே போதும், சுடரில் தொட்டால் கருகிக் கரி படியும். சூடான சால்டரிங் அயர்ன் முனையை அருகில் காட்டுவது இன்னும் சுத்தம். விரிந்த முனை சுடுபவர் பக்கம் வருமாறு செருகி, மறுமுனையைச் சூடாக்கி, மெல்லத் தட்டையாக்குங்கள்.

இழை துளைக்குள் இறுக்கமாக இழுபட்ட நிலையில் நிற்கக் கூடாது. இம்மியளவு தளர்வு இருக்கட்டும். இறுக்கமான இழை ஸ்லைடு பின்னுக்கு அடிக்கும் அதிர்ச்சியில் குடையின் கழுத்திலேயே ஒடியும். அளவுக்கு மீறித் தளர்ந்தாலும் முன்பின் ஆடி அதே இடத்தில் தேயும். சூப்பர் க்ளூ வைத்து ஒட்டுவது கெட்ட பழக்கம். அதன் ஆவி இழையை வெண்மையாக்கிவிடும், அடுத்த முறை கழற்றவும் முடியாது. ஒரு முழுத் துண்டு இழையும் ஒரு பிளேடும் துப்பாக்கிப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

சுத்தம் செய்யும்போது பிரேக் கிளீனர், அசிட்டோன் இரண்டையும் இழைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். பாலிஸ்டைரீன் கரைந்து பிசுபிசுக்கும். ஸ்லைடை அப்படியே கரைப்பானில் ஊறவைக்க வேண்டுமென்றால் முதலில் இழையைக் கழற்றிவிடுங்கள். இழையைத் துடைக்கச் சோப்புத் தண்ணீரில் நனைத்த காது குடையும் பஞ்சு போதும். உடைநூலும் தூசும் சேர்வது இழைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடுக்கில்தான், வாரம் ஒருமுறை அங்கே ஒரு மென்மையான பல்துலக்கியை ஓட்டுங்கள். வெயிலில் சாயம் வெளுத்து இழை வறண்டுபோகும். நிறம் வெளிறியது தெரிந்தாலோ பக்கவாட்டில் வெண்கோடாக விரிசல் தெரிந்தாலோ ஒடியும்வரை காத்திராமல் அன்றே மாற்றிவிடுங்கள்.